மகளோடு மாந்தை வரை

வன்னியில் வளரும் பிள்ளைக்கு வரலாறு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, பாடசாலைப் புத்தகத்தில் இருக்கும் அநுராதபுரமும் பொலன்னறுவையும். மற்றது, வீட்டில் பெரியவர்கள் கதைக்கும் யுத்தம். முதலாவதைப் பரீட்சைக்காகப் பாடமாக்குவார்கள். இரண்டாவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். தாங்கள் நடந்து திரியும் இதே மண்ணில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்களும் வயல் செய்தார்கள், பானை வனைந்தார்கள், கப்பலில் வந்த சாமானுக்கு விலை பேசினார்கள் என்பதை அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் குறைவு.

எங்கள் வீடு கிளிநொச்சியில். மகள் தரம் 10 படிக்கிறாள், பதினைந்து வயது. ஓகஸ்ட் விடுமுறையில் அவளோடு பூநகரி, மாந்தை, கட்டுக்கரைக்குளம் என்று ஒரு சுற்றுப் போய் வந்தேன். எது நன்றாக வந்தது, எதற்கு ஆயத்தம் வேண்டும் என்பதை இதே வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் சிகிரியா மாதிரி அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை. இங்கே பழையதெல்லாம் நிலத்தோடு நிலமாகத்தான் கிடக்கிறது. குளக்கட்டு, துருசுக் (மதகு) கல், மண்மேடு, ஓட்டுச்சில்லு (உடைந்த பானைத் துண்டு), அவ்வளவுதான். பெரிய இடம் பார்க்கப் போகிறோம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனால் முதல் இடத்திலேயே பிள்ளையின் முகம் வாடிவிடும். நான் மகளிடம் இப்படித்தான் சொன்னேன்: "கண்ணுக்குத் தெரியிறது கொஞ்சம்தான் பிள்ளை. மிச்சத்தை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்." இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பதைவிடத் தேட விடுவதுதான் பிடிக்கும்.

தொடங்கியது தூரத்து ஊரில் இல்லை. பயணத்துக்கு முதல் வாரம் ஒரு பின்னேரம் இரணைமடுக் கட்டுக்குப் போனோம். இப்போது நாங்கள் பார்க்கும் குளம் வெள்ளைக்காரர் காலத்தில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் இலங்கையின் கற்காலத்தை ஆராய்கிறவர்கள் ஒரு மண்படைக்கே 'இரணைமடு உருவாக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. சிவந்த மணல், அதற்கு அடியில் சரளை, அந்தச் சரளைக்குள் மனிதர் உடைத்துச் செய்த கற்கருவிகள். தெற்கே அம்பாந்தோட்டைக் கரையில் இதே உருவாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு ஏறத்தாழ 1,25,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். "எங்கட இரணைமடுவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சின்ன வயதிலிருந்து குளிக்கப் போன இடம் உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருகிறது என்றால் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். ஆகவே உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள். பஸ் காசு கூடத் தேவையில்லை.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கோடு கீறி மூன்று நிரல் ஆக்கினோம். கண்டது, கேட்டது, படித்தது. போகும் இடத்தில் எதை எழுதினாலும் மூன்றில் ஒன்றுக்குள் போட வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்தக் கொப்பிதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பரந்தனிலிருந்து பூநகரிக்கு பஸ். பூநகரிக் கோட்டை சின்னது. போர்த்துக்கேயர் கட்டி, 1770 இல் ஒல்லாந்தர் பெருப்பித்தது. சுற்றிப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. எனக்குப் பூநகரி முக்கியமாகப் பட்டது வேறு காரணத்துக்காக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்தப் பிரதேசத்தில் ஊர் ஊராக நடந்து தேடிக் கண்டுபிடித்தவற்றை 1993 இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றில் பெருங்கற்காலப் பண்பாட்டோடு (இறந்தவரைப் பெரிய கல் வைத்து அடக்கம் செய்த பழைய பண்பாடு) சேர்ந்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் உண்டு. ஒரே பானை உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது எப்படி என்று மகள் கேட்டாள். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கத்துக்கும் விளிம்புக்கும் காற்றுப் படாது, அது கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஒட்சியேற்றம் இதுதானே என்று அவளே சொன்னாள். ஒரு பாடத்தை இன்னொன்றோடு பிள்ளை தானாக முடிச்சுப் போடும் நேரத்தில் நாங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. தரையில் ஓட்டுச்சில்லு கிடந்தால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பொக்கற்றில் போடக் கூடாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விட்டாலும், இடம் மாறின சில்லு எதையும் சொல்லாது. எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனையையோ நாணயத்தையோ வையுங்கள், அளவு தெரியும். உலோகமாக எது கண்ணில் பட்டாலும் கை வைக்க விடாதீர்கள். மிதிவெடி அகற்றின இடமென்று சொன்னாலும் ஆட்கள் நடந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். வன்னிப் பிள்ளைகளுக்கு இது தெரியும். வெளியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது, முதலே சொல்லிவிடுங்கள்.

பூநகரியிலிருந்து மன்னார் றோட்டில் தெற்கே இறங்கினால் மாந்தை. அடம்பனில் என் சின்னம்மா வீடு, தங்கியது அங்கேதான். தம்பி முறையான ஒருவர் ஆட்டோ வைத்திருக்கிறார். மாந்தைக்கு அவர்தான் கூட்டிப் போனார்.

மாந்தையில் இருக்கும் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்கு நாங்கள் சிவராத்திரிக்குப் போயிருக்கிறோம், சனத்துக்குள் நெரிபட்டு, பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீரை மொண்டு வந்து மகாலிங்கத்துக்கு ஊற்றியிருக்கிறோம். ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள மேடு ஒரு பழைய நகரம் என்று எண்ணி ஒரு நாளும் நடந்ததில்லை. குதிரை லாட வடிவில் ஒரு பெரிய மேடு, அதைச் சுற்றி இரட்டை அகழி. அநுராதபுர அரசின் பெருந்துறைமுகம் இதுதான். மேட்டில் ஏறி நின்றதும் மகள் கேட்ட முதல் கேள்வி: "கடல் எங்கயம்மா?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். சைவ சமய பாடத்துக்காக அவள் பாடமாக்கிய சுந்தரர் தேவாரத்தில் மாதோட்டக் கடல் (மாந்தையின் பழைய பெயர்தான் மாதோட்டம்) மரக்கலங்கள் மலிந்த கடல். எட்டாம் நூற்றாண்டுக்காரர் அப்படிப் பாடியிருக்கிறார், நாங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பற்றையும் உவர் நிலமும்தான். இரண்டும் உண்மை என்றால் நடுவில் என்ன நடந்தது? அவளை யோசிக்க விட்டேன். மணல் நிரவியிருக்கும், துறை தூர்ந்திருக்கும், கப்பல் வேறு இடம் தேடியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாலாவியில் தண்ணீர் கிடக்கும் திசையைப் பார்த்துவிட்டு, கொப்பியில் மேட்டையும் அகழியையும் வரைந்தாள். வரைபடம் அழகாக இல்லை. ஆனால் ஒரு நகரத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஒரு பிள்ளை வெயிலில் நின்று வாதாடுவதை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளரின் குழு இங்கே அகழ்ந்தது. சீனப் பாண்டங்கள், பாரசீகப் பக்கத்து நீலப்பச்சை மெருகிட்ட பாண்டங்கள், மணிகள் என்று வந்தன. யுத்தம் வந்து வேலை நின்றது. யுத்தம் முடிந்த கையோடு, 2009-10 இல் மறுபடி அகழ்ந்தபோது மண்ணைச் சலித்துத் தாவரங்களைத் தேடினார்கள். கருகின தானியங்களோடு மிளகும், ஒரு கராம்பும் கிடைத்தன. நான் வீட்டிலிருந்து ஒரு கராம்பைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதை அவள் கையில் வைத்துச் சொன்னேன்: அந்தக் கராம்பு கிடைத்த மண்படைக்கு ஆயிரம் வருடமளவு வயது, அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும், அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் கடல் தாண்டி இந்த மேட்டுக்கு வந்து, யாரோ ஒருவரின் கையிலிருந்து தவறி மண்ணுக்குள் போயிருக்கிறது. அவள் அதை மணந்து பார்த்தாள், பிறகு விரலால் உருட்டிக்கொண்டே கனநேரம் பேசாமல் இருந்தாள். இப்படிக் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு சாமானை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நூறு வசனம் செய்யாததை அது செய்யும்.

அப்புறம் கொப்பியால் ஒரு வாக்குவாதம் வந்தது. ஆட்டோ ஓட்டின தம்பி சொன்னார், பழைய கோயிலைப் பறங்கியர் இடித்து அந்தக் கல்லைக் கொண்டுபோய்த்தான் மன்னார்க் கோட்டையைக் கட்டினவர்கள் என்று. எங்கள் ஊர்களில் எல்லாரும் சொல்வது இது. மகள் எந்த நிரலில் போடுவது என்று கேட்டாள். போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள், அது படித்தது. பழைய கோயில் அவர்கள் காலத்தில் அழிந்தது, அதுவும் படித்தது. கல் போன கதையை அவள் கேட்டதில் போட்டாள். "அப்ப மாமா சொன்னது பொய்யோ?" என்று தம்பி கேட்டார். "பொய் எண்டு சொல்லேல்லை மாமா. கோட்டைக்குப் போய்ப் பார்த்தால் நிரல் மாறலாம்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

மாந்தையில் இன்னொரு கேள்வியும் வந்தது. அதற்கு நீங்களும் ஆயத்தமாகப் போக வேண்டும். "இஞ்சதானே எலும்புக்கூடு எடுத்தது?" என்றாள். ஆம். 2013 டிசெம்பரில் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டியபோது திருக்கேதீச்சரத்துக்கு அருகில் மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மண்ணைத் தோண்டுகிறார்கள் என்றால் நினைவுக்கு வருவது அதுதான். கொக்குத்தொடுவாய், செம்மணி என்று செய்தியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் கதையை மாற்றவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆயிரம் வருடத்துக் கராம்பைத் தேடுகிறவர்களும், காணாமல் போனவரைத் தேடுகிறவர்களும் மண்ணைப் படை படையாகத்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் இரண்டு பேருக்குமே உண்மை கலைந்துபோகும் என்றும் சொன்னேன். பழைய காலத்தைப் பார்க்கப் போகிறோம் என்பதற்காக இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டால் பிள்ளை எங்களை நம்பாது.

இரவு சின்னம்மா வீட்டில் கரண்ட் போய்விட்டது. ரோச் வெளிச்சத்தில் பிராமி எழுத்து, பழைய கல்வெட்டுகளில் இருக்கும் எழுத்து, பழகினோம். முதலே அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். க என்றால் ஒரு கூட்டல் குறி, ர என்றால் ஒரு நெட்டுக்கோடு, ட என்றால் ஒரு பாதி வட்டம். பிள்ளைகளுக்குப் பிடிபட ஒரு இரவு காணும். தன் பெயரை எழுதினாள், சின்னம்மாவின் பெயரை எழுதினாள், பிறகு ஒரு கல்வெட்டின் வாசகத்துக்கு வந்தோம். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள குகைக் கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முற்பட்டது. விசாகன் என்ற தமிழ் வணிகன், இல்லறத்தான், கொடுத்த குகை என்று பிராகிருதம் என்ற பழைய வடமொழிக் குடும்பத்து மொழியில் சொல்கிறது. அதே இடத்தில் நாக அரசனின் மகளையும் உத்தி என்ற அரசனையும் சொல்லும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அந்தக் குகைக்கு நாங்கள் போகவில்லை. இடம் தெரிந்த ஆள் இல்லாமல் பிள்ளையோடு பற்றைக் காட்டுக்குள் ஏற எனக்கு விருப்பமில்லை. படம் போதுமாக இருந்தது.

இந்தக் கல்வெட்டை நான் வேண்டுமென்றே எடுத்தேன். தமிழரின் வழிபாட்டிடமா, பௌத்த இடமா என்று தகராறு நடக்கும் வெடுக்குநாறி மலை, குருந்தூர்மலை என்று மகளின் போனில் ஒவ்வொரு நாளும் ஏதாவது வந்து விழுகிறது. எங்கள் வழிபாட்டு இடங்களில் எங்களைத் தடுக்கும்போது எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது, அதை அவளிடம் மறைப்பதில்லை. ஆனால் பழைய கல் ஒன்று கண்டவுடன் அது எங்களுடையதா அவர்களுடையதா என்ற ஒரே கேள்வியோடு பிள்ளை நின்றுவிடக் கூடாது. விசாகன் தமிழன். அவன் கொடுத்த குகை பௌத்த துறவிகளுக்கு. எழுதிய மொழி பிராகிருதம். இன்றைக்குச் சண்டை பிடிக்கிற எந்தப் பக்கத்துக்கும் இவன் முழுதாக அடங்க மாட்டான். "அப்ப இவர் ஆர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு படுக்க விட்டேன்.

அடுத்த நாள் விடியவே கட்டுக்கரைக்குளம். புத்தகத்தில் தாதுசேனன் கட்டுவித்தவற்றில் ஒன்றாக யோதவாவி என்று வருவது இதுதான். தாதுசேனன் ஐந்தாம் நூற்றாண்டு அரசன். கட்டில் ஏறி நின்றால் மறுகரை தெரியாத அகலம். ஓகஸ்டில் தண்ணீர் வற்றித்தான் இருக்கும், ஆனால் அந்த நேரம் போனால்தான் அடிக்கட்டுக் கல் வெளியில் தெரியும். தை, மாசியில் போனால் குளம் நிரம்பி நிற்கும், வங்காலைப் பக்கம் செந்நாரைகளும் பார்க்கலாம், வெயிலும் குறைவு. கல்லா, தண்ணீரா என்று பிள்ளையையே கேட்டு மாதத்தைத் தீர்மானியுங்கள். ஓகஸ்டில் போவதென்றால் காலை பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துவிட வேண்டும். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே தாங்காது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு ஐயா, இதைப் பூதங்கள் கட்டினவை என்றார். கேட்டது நிரலில் விழுந்தது. ஆனால் மகள் அதோடு விடவில்லை. இவ்வளவு பெரிய குளத்துக்கு எங்கேயிருந்து தண்ணீர் என்று அவரிடமே கேட்டாள். மழைத் தண்ணீர் காணாது, அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்காலால் கொண்டு வருகிறார்கள் என்று அவர் தடியால் மண்ணில் கீறிக் காட்டினார். ஆட்டோவைத் தேக்கத்துக்கு விட்டோம். அங்கே வெட்டுக்கல் ஒன்றின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த அடையாளம். மகள் ஒவ்வொரு குழிக்குள்ளும் பெருவிரலை விட்டுப் பார்த்தாள். ஒரு குழி மட்டும் மற்றவற்றைவிட ஆழம் குறைவு. "இதில அந்த ஆள் களைச்சுப் போயிட்டார் போல" என்றாள். கண்டது நிரலில் அன்று அவள் எழுதிய வரிகளில் இதுவும் ஒன்று.

அருவியாறு வேறு ஒன்றுமில்லை, அநுராதபுரத்தைக் கடந்து வரும் மல்வத்து ஓயாதான். அநுராதபுரம் அந்த ஆற்றில் மேலே, கட்டுக்கரை கீழே, அந்த நகரத்தின் துறைமுகம் மாந்தையில். மூன்றையும் கொப்பியில் ஒரே கோட்டில் வரைந்தபோதுதான் புத்தகத்தில் இருந்த அநுராதபுரம் அவளுக்குப் பக்கத்து ஊர் ஆனது. கட்டுக்கரைத் தண்ணீர் நூற்றுக்கு மேற்பட்ட சின்னக் குளங்களுக்குப் பிரிந்து போய் அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது, சின்னம்மாவின் காலபோக வயல் உட்பட. "அப்ப தாதுசேனன்ர தண்ணியிலதான் அம்மம்மா சோறு சமைக்கிறா" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சில சில்லறை விஷயங்கள். ஒரு நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். போனைப் பறிக்காதீர்கள், இடத்துக்குப் போனதும் முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு படம் என்று ஒரு ஒழுங்கு போட்டால் போதும். மன்னார் றோட்டில் பஸ் நினைத்தவுடன் வராது, நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். வழியில் பெண்பிள்ளைக்குக் கழிப்பறை கிடைப்பது கஷ்டம், கோயில்களையும் சொந்தக்காரர் வீடுகளையும் கணக்கில் வைத்துப் பாதையைப் போடுங்கள். இடியப்பமோ புட்டோ கட்டிக்கொண்டு போனால் நல்லது. கோயில் மத்தியானம் பூட்டும். வவுனியாவில் தொல்பொருள் நூதனசாலை இருக்கிறது, திரும்பும் வழியில் பார்க்கலாம், திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். கூட வரும் பிள்ளைக்குத் தோழியோ மச்சாளோ இருந்தால் இன்னும் நல்லது, வாதாட ஆள் வேண்டும்.

கொழும்புக்குப் போகும்போது நூதனசாலையில் பார்க்க ஒன்று குறித்து வைத்திருக்கிறாள்: சோழர் காலத்தில் இராசராசபுரம் என்று பெயர் பெற்ற மாதோட்டத்தில் தாழி குமரன் என்பவன் இராசராச ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு. அதற்கு முதல் பொம்பரிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை போன்ற ஈமத்தாழிகள், இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானைகள், அங்கே கிடைத்திருக்கின்றன. இடம் வில்பத்து வனத்துக்குள் இருப்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் ஜீப்பும் வேண்டும், ஒரு குடும்பம் தனியாகப் போனால் செலவு தாங்காது. தரம் 10, 11 பிள்ளைகள் உள்ள நாலைந்து குடும்பம் சேர்ந்து, பாடசாலை வரலாற்று ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போவதென்று இப்போது கதைத்து வைத்திருக்கிறோம். தை பிறந்து மழை விட்ட பிறகு.